முனைப் பங்களாவும் உப்பளத்து வீடும்

வைகுண்டராஜனுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை பிசகாமல் சொல்லிவிட வேண்டும். பிசகினால் அவர் கோபித்துக்கொள்வார்.

முதல் அநீதி, 1947. திருவனந்தபுரத்தில் ஒரு விடுதி. புத்தகத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதினார். விடுதிக்காரன் அதை அடித்துவிட்டு, படிக்கிற மாதிரி எழுதச் சொன்னான். மறுத்தார். அன்று ரயில் நிலையத்துப் பெஞ்சில் படுத்தார். பெஞ்சு அவரைவிட அரை முழம் குட்டை.

இரண்டாம் அநீதி, 1948. போலீஸ் லாக்கப். அங்கே தங்குவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது ஒழுகியது. ஒழுகாத மூலையை ஒரு தேங்காய்த் திருடனுக்குக் கொடுத்துவிட்டு, ஒழுகுகிற மூலையை அவருக்குக் கொடுத்தார்கள். உரிமை கேட்டவனுக்கு மழை, தேங்காய் எடுத்தவனுக்குக் கூரை.

மூன்றாம் அநீதி, 1950. கன்னியாகுமரி முனையில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு சர்க்கார் பங்களா. உள்ளே ஒரு மந்திரி. வெளியே, கையில் மனுவோடு வைகுண்டராஜன். மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார். மந்திரி தூங்கி எழுந்து காரில் ஏறிப் போய்விட்டார். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் வைகுண்டராஜன் ஒன்றைக் கண்டார். திறந்த ஜன்னல் வழியே ஒரு கட்டில். கட்டிலுக்கு மேல் வெள்ளைக் கொசுவலை. கடற்காற்றில் அது பாய்போல உப்பும், சுருங்கும், மறுபடி உப்பும். வலைக்கு அப்பால் இன்னொரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் முழுக் கடல்.

நான்காம் அநீதி, 1954. ஜெயில். ஏழு மாதம். பெயரை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு எண்ணைக் கொடுத்தார்கள். மூட்டைப்பூச்சி கடிக்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கொசுவலையைத் தன் தலைக்கு மேல் கட்டிக்கொண்டார்.

ஐந்தாம் அநீதி, 1956 நவம்பர் முதல் தேதி. நாஞ்சில் நாடு தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. கொடி ஏறியது. மாலை யாருக்கு விழுந்தது? ஒருநாள்கூடக் கொசுக்கடி படாதவர்களுக்கு. வைகுண்டராஜன் கடைசி வரிசையில் நின்றார். யாரோ ஒருவர் தன் பிள்ளைக்குக் கொடி தெரியவில்லை என்றார். இவர் அந்தப் பிள்ளையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். பிள்ளை அவர் தலையில் கடலை மிட்டாயைத் தேய்த்தது.

இந்த ஐந்தையும் அவர் மன்னித்துவிட்டார். ஆறாவதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அது கல்யாணமான மூன்றாம் நாள் காலையில், இட்லித் தட்டுக்கு முன்னால் நடந்தது.

"எனக்கு அந்தப் பங்களா வேண்டாம்" என்றாள் முத்துக்கனி.

முத்துக்கனி அவருடைய மாமன் மகள். நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இணைப்பு நடக்காமல் மணமாலை சூடேன் என்று வைகுண்டராஜன் 1948-இல் ஒரு கூட்டத்தில் சபதம் செய்தபோது, அந்தக் கூட்டத்தில் அவளும் இருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. அதன்பிறகு எட்டு வருஷம் காத்திருந்தாள். முதல் தேதி இணைப்பு நடந்தது. பதினோராம் தேதி ஊர்க் கோயிலான நிழல்தாங்கலில் வைத்துக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நாற்பத்தொரு வயது. பெண்ணுக்கு முப்பது.

தேனிலவு என்ற யோசனையைச் சொன்னவள் அவளோடு வேலை பார்க்கும் ஜெபகுமாரி. கல்யாணம் ஆனவர்கள் மூன்று நாள் எங்காவது போய், ஒரு வேலையும் செய்யாமல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். வைகுண்டராஜனுக்கு அது பெரிய வேலையாகப்பட்டது. ஆனாலும் சம்மதித்தார். எங்கே தங்குவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"எதுக்கு வேண்டாம்ங்குத?"

"எனக்குப் பிடிக்கல்ல."

"பாக்காமலே பிடிக்கல்லியா?"

"உங்களை எட்டு வருசமாப் பாக்காமலேதான பிடிச்சுது. அது மாதிரி இது பிடிக்கல்ல."

வைகுண்டராஜன் இட்லியைக் கீழே வைத்தார். கட்டைவிரலை மடக்கினார். மேடையில் அவர் கட்டைவிரலை மடக்கினால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது.

"தங்குமிடம் நாலு வகைப்படும். முதலாவது, உறவு. திருவட்டாறு தாணம்மாள் அத்தை வீடு."

"அங்க ஒம்பது பிள்ளைங்க. ஒரே கூடத்துல வரிசையாப் பாயி. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல நாலு பேரு கெடப்பாவ."

"ஒத்துக்கிடுதேன். தள்ளுபடி. ரெண்டாவது, சத்திரம்."

"ஆம்பிளையளுக்குக் கெழக்குப் பக்கம், பொம்பிளையளுக்கு மேக்குப் பக்கம். நீங்க சூரிய உதயம் பாப்பிய, நான் அஸ்தமனம் பாப்பேன். தேனிலவை யாரு பாக்கது, சமையக்காரனா?"

"தள்ளுபடி. மூணாவது, பங்களா. நாலாவது..." விரலை மடக்கிய பிறகுதான் நாலாவது ஒன்றும் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. ஒரு வேகத்தில் சொல்லிவிட்டார்.

"நாலாவது நான் சொல்லட்டா?" என்றாள் முத்துக்கனி. தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள். "மணக்குடிப் பக்கம், உப்பளத்தை ஒட்டி ஒரு வீடு. ரெண்டு அறை, ஓடு போட்டது. ஜெபகுமாரியோட அண்ணன் செல்வதாசு அங்க மேஸ்திரி. மழைக்காலத்துல உப்பு வேலை கெடையாதுல்லா, தூத்துக்குடிக்குப் போயிருக்காரு. வீடு சும்மா கெடக்கு. முன்னால உப்புப் பாத்தி, பின்னால காயலு. பாத்தியில எல்லாம் இப்பம் மழைத்தண்ணி கெட்டி நிக்கும். நிலா எழும்பிச்சின்னா ஒரு பாத்திக்கு ஒரு நிலாவாம். ஜெபகுமாரி ஒருக்கா எண்ணிப் பாத்தாளாம். நாப்பத்தி மூணு."

சொல்லும்போது அவள் அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவரில் அந்த நாற்பத்து மூன்றும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணம் வைகுண்டராஜனுக்கும் தெரிந்தது. உடனே தலையை உதறிக்கொண்டார்.

"ஆளில்லாக் காட்டுல போயி இருக்கவா? வைகுண்டராஜன் பயந்து தலைமறைவாயிட்டான்னு பேசுவானுவ."

"யாரு பேசுவா?"

"எதிரிகள்."

"அவியளுக்கெல்லாம் பதவி கெடச்சாச்சு. உங்களை நெனைக்க நேரம் எங்க இருக்கு?"

இது தைத்தது. முத்துக்கனி இட்லித் தட்டை ஓரமாக நகர்த்தினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அந்தப் பங்களாவுல நீங்க எங்கூட இருக்க மாட்டிய. அநியாயத்தோடதான் இருப்பிய. எந்தக் கதவு யாரு முகத்துல சாத்தினதுன்னு தேடிக்கிட்டே இருப்பிய. எட்டு வருசம் நான் விட்டுக் குடுத்தாச்சு. மூணே மூணு நாளு எனக்கு வேணும்."

"ஏட்டி, எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதுன்னு சொல்லுதியா?"

"ஆமா."

"எல்லாம் கெடச்சாச்சே, இனி எதுக்குப் போராடப் போறேன்?"

"அப்பம் ஒரு சாயங்காலம் இருந்து காட்டுங்க. மூணு நாள் கேக்கல்ல. ஒரே ஒரு சாயங்காலம். வாற ஞாயித்துக்கிழமை பௌர்ணமி. பங்களாவுக்கே போவோம். நிலா கடலுக்கு மேல ஒரு பனை உயரம் வாறது வரைக்கும் நீங்க சும்மா இருந்தா, மூணு நாளும் பங்களாதான். இல்லன்னா அந்த நிமிசமே நான் சொல்லுத வீட்டுக்கு வரணும்."

வைகுண்டராஜன் சிரித்தார். ஏழு மாதம் ஜெயிலில் இருந்தவனுக்கு ஒரு சாயங்காலம் ஒரு கணக்கா? கையைத் துடைத்துவிட்டுத் தாளை எடுத்தார். தாள் என்றால் அவருக்கு ஒரு தனி உற்சாகம். உடன்படிக்கையை அவரே எழுதினார்: "மேற்படி பங்களாவில், மேற்படி நிலா ஒரு பனை உயரம் எழும்பும்வரை, என் பெயரில் மனு கொடுக்கமாட்டேன், என் குரலில் கோஷம் எழுப்பமாட்டேன், என் உடலால் மறியலோ உண்ணாவிரதமோ செய்யமாட்டேன் என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்."

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஜான்ரோஸ் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர். ஒன்பது வருஷமாக வைகுண்டராஜனின் ஊர்வலங்களில் கோஷம் எடுத்துக் கொடுப்பவர். அவர் வடசேரியில் வாழ்க என்றால் கோட்டாறில் பதில் வரும்.

"ஓய் ஜான்ரோஸ், இங்க வந்து சாட்சி ஒப்பு போடும்."

ஜான்ரோஸ் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். படித்தார். "அண்ணாச்சி, இது சரிப்படுமா?" என்றார் கவலையோடு. "நிலா எழும்ப முன்னால மேகம் கீகம் மறச்சா, மேகத்துக்கு எதிராவது நாம ஒரு தீர்மானம்..."

"ஒப்பு போடும்வே."

போட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரும் கூட வர வேண்டும் என்பது முடிவாயிற்று. பங்களாவுக்குள் அல்ல, வாசலுக்கு. வைகுண்டராஜன் அந்தப் படியேறுவதை ஒருவராவது பார்க்க வேண்டாமா?

பங்களாவுக்கு அனுமதி வாங்க அவர் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனார். அதில் 1950-ஆம் வருஷத்து வெயிலின் கடுமை மட்டும் ஒரு பக்கம். ஆபீசில் இருந்த இளம் குமாஸ்தா புரட்டிப் பார்த்தான். "இம்புட்டு எதுக்கு சார்? பேரும் தேதியும் போதுமே" என்று ஒரு துண்டுச் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டான். வைகுண்டராஜன் தெருவுக்கு வந்து அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்தார். பூட்டின கதவு என்று நினைத்துத் தோளால் முட்டி, கதவு திறந்தே இருந்ததால் உள்ளே போய் விழுந்தவன் மாதிரி இருந்தது.

ஞாயிறு மூன்று மணிக்கு முனையில் பஸ் இறங்கினார்கள். காலையில் பெய்த மழையில் வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. வைகுண்டராஜன் சலவை வேட்டி, துண்டு. முத்துக்கனி தோவாளைப் பிச்சிப்பூ, நீலச் சேலை. ஒரு தகரப்பெட்டி. பத்தடி பின்னால் ஜான்ரோஸ்.

பங்களா வாசலில் வைகுண்டராஜன் நின்றார். வெள்ளைப் படிகள் ஆறு. மார்பை நிமிர்த்தினார். எவனாவது தடுக்கட்டும்.

"வாருங்க சார், வாருங்க" என்று காவல்காரர் ததேயுஸ் ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். நரைத்த மீசை, பல்லில்லாத சிரிப்பு. "காத்து நல்லா அடிக்கும் அறையா ஒதுக்கி வச்சிருக்கேன்."

"சீட்டு பாக்க வேண்டாமா?"

"உங்க மொகத்தைப் பாத்தாப் போதும் சார்."

புத்தகத்தை நீட்டினார். வைகுண்டராஜனின் கண் விரிந்தது. தலைப்பெல்லாம் இன்னும் ஆங்கிலத்தில். வாயைத் திறந்தார். பின்னால் முத்துக்கனி லேசாக இருமினாள். வாயை மூடினார்.

"எந்த மொழியில எழுதணும்?" என்று மட்டும் கேட்டார், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"உங்க இஷ்டம் சார். போன வாரம் வந்தவரு படம் வரஞ்சிட்டுப் போனாரு."

தமிழில், கொட்டை எழுத்தில் எழுதினார். யாரும் அடிக்கவில்லை.

அறை, அதே அறை. கட்டில், அதே கட்டில். கொசுவலை உப்பிற்று, சுருங்கிற்று, மறுபடி உப்பிற்று. வெளியே வெயிலில் நின்று பார்த்ததை இப்போது உள்ளே நின்று பார்த்தார். ஆறு வருஷமாக மனசுக்குள் அடித்துக்கொண்டிருந்த அந்தக் காற்று இப்போது நிஜமாகவே கழுத்தில் பட்டது. உப்பும் பாசியும் கலந்த வாசனை. ஜன்னலுக்குள் கடல் மூன்று நிறமாகக் கிடந்தது. கிழக்கே ஒரு பச்சை, மேற்கே ஒரு செம்பு, நடுவே பெயர் சொல்ல முடியாத ஒரு நீலம். பாறைகளில் அலை ஏறி, யோசித்து, இறங்கிற்று.

முத்துக்கனி கொசுவலைக்குள் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். வலைக்குள் அவள் கொஞ்சம் மங்கலாக, தண்ணீருக்கடியில் இருப்பவள்போலத் தெரிந்தாள். மடியில் கொட்டிய பிச்சிமொட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டினாள். ஏதோ பாடினாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற வாய்ப்பாட்டைத்தான் அவள் ராகம் போட்டுப் பாடினாள் என்பது பிறகுதான் அவருக்கு விளங்கியது. எட்டு எட்டு அறுபத்து நாலு. உலகத்தில் இவ்வளவு இனிமையான கணக்கு இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

"வந்து இருங்களேன்" என்றாள்.

"இரு, வாறேன்."

அவரால் உட்கார முடியவில்லை. கட்டிலை அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. கூரையைப் பார்த்தார். ஒழுகின தடமில்லை. குடிதண்ணீர்ப் பானையைத் திறந்தார். நிறைய இருந்தது. அலமாரிக் கதவைத் திறந்து மூடினார். சத்தம்கூட வரவில்லை. சந்தோஷம் என்பது இவ்வளவு சத்தமில்லாததா? அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"எதத் தேடுதிய?"

"ஒண்ணும் இல்ல."

"கெடைக்கல்லியா?"

"கெடைக்கல்ல."

"அப்பம் வாங்க."

போனார். வலையைத் தூக்கி, தயங்கி, ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் ஒரு மொட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது குளிர்ந்திருந்தது. நாற்பத்தொரு வயதில் அந்தக் கை கல் பிடித்திருக்கிறது, கொடி பிடித்திருக்கிறது, ஜெயில் கம்பி பிடித்திருக்கிறது. மொட்டு பிடித்ததில்லை. எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் துண்டறிக்கையைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்தார். வலை உப்பி இருவரையும் தூக்கிக்கொண்டு கடலுக்குள் போவதுபோல் இருந்தது. கண் சொருகிற்று. சூரியன் கடலுக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் நின்றது. வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

"காப்பி சொல்லிட்டு வாறேன்" என்று முத்துக்கனி இறங்கிப் போனாள்.

காப்பி வந்தது. முத்துக்கனி முன்படி வழியாக வந்துவிட்டாள். காப்பித் தட்டோடு வந்த விக்டோரியா, ததேயுஸின் மனைவி, பங்களாவை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பின்கட்டு வழியாக மூச்சிரைக்க வந்தாள். தட்டில் பாதிக் காப்பி.

"எதுக்கும்மா சுத்தி வாறிய? முன்படி பக்கந்தானே?" என்றார் வைகுண்டராஜன்.

விக்டோரியா முந்தானையால் தட்டைத் துடைத்தாள். "முன்படி வழியா வேலைக்காரங்க ஏறப்பிடாது சார். பதினெட்டு வருசமா அப்படித்தான்."

அறையில் கொசுவலை மட்டும் அசைந்தது.

வைகுண்டராஜன் எழுந்தார். தூக்கம் போன இடம் தெரியவில்லை. காது மடல் சிவந்தது. முதுகு நேரானது. ஆறு வயது குறைந்துபோனாற்போல் இருந்தார்.

"பதினெட்டு வருஷம்!"

"விடுங்க" என்றாள் முத்துக்கனி. "நிலா வரட்டும்."

"ஆறு படி! பதினெட்டு வருஷம்!"

"நீங்க சும்மா இருங்க. நமக்கு என்ன? மூணு நாளு இருந்துட்டுப் போறவிய நாம."

இப்படிச் சொன்னால் எந்தப் போராளி சும்மா இருப்பான்? ஆனால் வைகுண்டராஜன் ஏமாந்தவர் அல்ல. உடன்படிக்கை வரிக்கு வரி அவருக்கு மனப்பாடம். 'என் பெயரில் மனு கொடுக்கமாட்டேன்.' என் பெயரில்! சட்டத்தில் இடுக்குக் கண்டுபிடித்து ஒன்பது வருஷம் சர்க்காரையே திணறடித்தவர். மூன்றாம் வகுப்பு டீச்சர் எம்மாத்திரம்? மனு ததேயுஸ் பெயரில் போகட்டும். எழுதிக் கொடுப்பது ஓர் உதவி. படிப்பறிவில்லாத ஏழைக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதை எந்த நீதிமன்றம் போராட்டம் என்று சொல்லும்?

"நான் ஒரு கடுதாசி எழுதணும்" என்றார் அலட்சியமாக. "நீ வெளிய போயிக் கடலைப் பாரு. இந்தா வாறேன்."

முத்துக்கனி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அஸ்தமனத்தைச் சேந்து பாப்பம்னு நெனச்சேன்" என்றாள்.

"ஒரு பக்கந்தான். முடிஞ்சுது."

ஒரு பக்கம் இரண்டானது. 'படி என்பது ஏறுவதற்கே அன்றி, இவன் ஏறலாம் இவள் ஏறலாகாது என்று தரம் பிரிப்பதற்கு அல்ல' என்று தொடங்கினார். பேனா தானாக ஓடியது. அவருக்குப் பின்னால் ஜன்னலில் சூரியன் சிவந்து, பருத்து, தண்ணீரைத் தொட்டு, ஒரு குடத்தின் வாய்போல் ஆகி, ஒரு கோடாகி, போயிற்று. தாளின் மேல் விழுந்த வெளிச்சம் ஆரஞ்சாக மாறி ஊதாவாக மாறியது. அவர் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். நான்காம் பக்கத்தின் அடியில் கடைசிக் கோட்டை இழுத்தபோது கை வலித்தது. என்ன சுகமான வலி!

தாள்களோடு முன் வராந்தாவுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வராந்தாவின் பிரம்பு நாற்காலிகளில் முத்துக்கனியும் விக்டோரியாவும் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்படியில், மூன்றாம் படியில், ததேயுஸ் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். ஆறாம் படியில் ஜான்ரோஸ். சங்குமாலை விற்கும் பெண்கள் நாலைந்து பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு முதல் படியில் இளைப்பாறினார்கள். கிழக்கே கடலுக்கு மேல் நிலா பாதி எழும்பியிருந்தது. ஈரம் சொட்டுகிற மாதிரி, பெரிசாக, மஞ்சளாக. வாசலில் ஒரு வில்வண்டி நின்றது. முத்துக்கனியின் காலடியில் தகரப்பெட்டி, இன்னும் திறக்கப்படாமல்.

"இவியள்லாம் எப்படி முன்படியில?"

"ஏறி வந்தாவ" என்றாள் முத்துக்கனி.

"யாரு அனுமதி குடுத்தா?"

"வாங்கக்கா, இருங்கன்னேன். வந்து இருந்தாவ."

"பதினெட்டு வருஷத்துத் தடை!"

ததேயுஸ் எழுந்து நின்றார். "அந்தச் சட்டம் போட்ட துரை போயி பத்து வருசம் இருக்கும் சார். அதுக்குப் பொறவு யாரும் ஏறாதன்னும் சொல்லல்ல, ஏறுன்னும் சொல்லல்ல. நாங்க பாட்டுக்குச் சுத்திக்கிட்டே கெடந்தோம்."

விக்டோரியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டீச்சர்தான் சார் கேட்டாவ, உங்களுக்கு இங்க கொறை ஒண்ணும் இல்லியான்னு. இல்லன்னேன். நல்லா யோசிச்சுப் பாருங்க, சின்னதா இருந்தாலும் போதும், சார்ட்ட சொல்லணும்னாவ."

வைகுண்டராஜன் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார். வில்வண்டியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். எல்லாம் விளங்கிற்று. விளங்கியதும், அவர் முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு பரவிற்று.

"ஏட்டி, பொறி வச்சிப் பாத்தியா? ஆனா எலி விழல்ல. இது என் மனு இல்ல. ததேயுஸோட மனு. எழுதிக் குடுத்தது மட்டுந்தான் நான். உடன்படிக்கைய எடுத்துப் பாரு. 'என் பெயரில்'னுதான் இருக்கு. ஓய் ததேயுஸ், கீழ ஒப்பு போடும்."

"எனக்குக் கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது சார்" என்று ததேயுஸ் தாள்களை வாங்கி அப்படியே முத்துக்கனியிடம் நீட்டிவிட்டார். "டீச்சர் வாசிக்கட்டு. என் மனுவுல என்ன இருக்குன்னு நானும் கேக்கேன்."

"வாசி, வாசி" என்றார் வைகுண்டராஜன், நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி. "எல்லாரும் கேக்கட்டும்."

முத்துக்கனி எழுந்து விளக்கடியில் நின்றாள். பள்ளிக்கூடத்துக் குரலில் வாசித்தாள். 'படி என்பது ஏறுவதற்கே அன்றி.' அவருடைய எழுத்தை அவள் வாசித்து அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. ஒன்பது வருஷமாக அந்தச் சொற்களை ஒலிபெருக்கிகள்தான் கத்தியிருக்கின்றன. இவள் வாயில் அவை வேறாக இருந்தன. கோபமான சொற்கள்கூட எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவைபோல் இருந்தன. சங்குமாலைக்காரிகள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்கள். நிலா முழுசாகக் கடலை விட்டு விலகிற்று. தண்ணீரின் மேல் படியிலிருந்து அடிவானம்வரை ஒரு வெளிச்சப் பாதை விழுந்தது. வைகுண்டராஜனுக்கு மாலை விழுந்த மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நாள், மூன்று இரவு, இந்தப் பங்களா, இந்தக் குரல்.

முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். நான்காம் பக்கத்தில் மூன்று கோரிக்கைகள். மூன்றையும் வாசித்தாள். "இப்படிக்கு" என்று வாசித்தாள். நிறுத்திவிட்டாள்.

வைகுண்டராஜன் கண்ணைத் திறந்தார்.

முத்துக்கனி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெட்கமா சிரிப்பா என்று நிலா வெளிச்சத்தில் தெரியவில்லை.

"ஜான்ரோஸ் அண்ணே, இங்க வாங்க. மிச்சத்தை நீங்க வாசியுங்க."

"ஒரு வரிதானம்மா, நீயே வாசிச்சிரு."

"நான் வாசிக்கப்பிடாது அண்ணே" என்றாள் முத்துக்கனி, தாளை நீட்டியபடியே. "கெட்டின புருசன் பேர எப்படி வாயால சொல்ல?"

வைகுண்டராஜனின் கால் தானாக மடங்கிற்று. ஒன்பது வருஷம். ஆயிரத்துச் சொச்சம் மனு. அந்தக் கை, நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால், இதிலும் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. "ஓய், வேண்டாம்வே" என்று எழுந்தார். நிலா இன்னும் பனை உயரம் வரவில்லை. அரைப்பனை இருக்கும்.

"சத்தமா வாசியுங்கண்ணே. சாட்சி எல்லாருக்கும் கேக்கணும்" என்றாள் முத்துக்கனி. வண்டிக்காரன் மாட்டைப் பூட்டினான்.

ஜான்ரோஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தாளின் அடியில் இருந்த பெயரைக் கண்டதும் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. கை தானாக உயர்ந்தது. சங்குமாலைக்காரிகளையும் ததேயுஸையும் விக்டோரியாவையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, மணக்குடிவரை கேட்கிற மாதிரி வாசித்தார்:

"பொ. வைகுண்டராஜன்!"